தேய்பிறைத் தாய்

தனியாகக் கும்பிடுகிறவளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அழுதால் யாரும் தோளைத் தொட்டுக் காரணம் கேட்கமாட்டார்கள். சிரித்தால் முறைக்கமாட்டார்கள். ஈஸ்ட்போர்ன் கடற்கரையில், ஜூன் மாதப் பௌர்ணமி இரவில், செருப்பைக் கழற்றி வீசிவிட்டுக் கூழாங்கல் மேல் நின்று நான் இரண்டையும் ஒரே மூச்சில் செய்திருக்கிறேன். இங்கிலாந்தின் தென்கரையில் கோடைப் பௌர்ணமி நிலா உச்சிக்கு ஏறுவதில்லை. தென்கிழக்கே கடலை ஒட்டி எழுந்து, தாழவே நடந்து, தாழவே இறங்கிவிடும். ஆகவே அவளைப் பார்க்கக் கழுத்தை வளைக்க வேண்டாம். நேருக்கு நேர் நிற்கலாம். செம்பாக எழுந்து, பொன்னாகி, பிறகு வெள்ளியாகி, அலைமேல் ஒளியால் வழி போட்டுக்கொண்டு என் கால்வரைக்கும் வந்தாள். நான் இடப்பக்கம் நகர்ந்தேன், வழியும் நகர்ந்தது. வலப்பக்கம் போனேன், கூடவே வந்தது. ஒளியியல் படித்தவர்களிடம் அதற்கு விளக்கம் உண்டு. எனக்கும் அது தெரியும். தெரிந்தும் உடம்பெல்லாம் புல்லரித்து, "தாயே, இத்தனை வருஷம் கழித்தும் என்னை அடையாளம் தெரிகிறதா உனக்கு?" என்று வாய்விட்டுக் கேட்டேன்.

நான் கும்பிடுவது விக்கா வழியில். பெண்தெய்வத்தையும், அவளோடு கொம்புடைய ஆண்தெய்வத்தையும் கும்பிடுவோம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வழிபாடு, வருஷத்துக்கு எட்டுத் திருநாள், யாருக்கும் தீங்கு செய்யாமல் உன் மனம்போல் வாழ் என்று ஒரே ஒரு நெறி. உறவுக்காரர்கள் இதைச் சூனியம், செய்வினை என்று பேசிக்கொள்வது என் காதுக்கும் வருகிறது. சாத்தானைக் கும்பிடுகிறாள் என்பார்கள். கும்பிட வேண்டுமானால் முதலில் அவன் இருக்கிறான் என்று நம்ப வேண்டுமே. அவன் அவர்கள் கதையில் வருகிறவன். எங்கள் கதையில் அவனுக்கு வேஷமே கிடையாது.

இந்த வழியை உலகறியச் செய்தவர் ஜெரால்டு கார்ட்னர். 1884இல் பிறந்த ஆங்கிலேயர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தார் என்று படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அந்த மலைகளில் என் கொள்ளுப்பாட்டிகள் விடியப் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போன காலத்தில், அவர் அங்கே ஒரு துரை. பிறகு மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்து, 1936இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். 1939இல் நியூ ஃபாரஸ்ட் காட்டுப் பக்கம் ஒரு மறைவான குழு தனக்குத் தீட்சை தந்தது என்று சொன்னார். பழைய சூனியச் சட்டம் 1951இல் நீங்கியது. 1954இல் புத்தகம் எழுதி ஊரறியச் சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்துக்கு இயேசுவும் துரைமார் வழியாகத்தான் வந்தார். தோட்ட முதலாளிகளின் ஆதரவோடு 1854இல் தொடங்கிய அந்த மிஷனுக்குத் 'தமிழ்க் கூலி மிஷன்' என்றே பெயர். ஆக, நான் விட்ட தெய்வமும் தொட்ட தெய்வமும் ஒரே மலைப்பாதையில் நடந்த கால்களோடு சம்பந்தப்பட்டவை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். தெய்வங்கள் துரைமாரைத் தபால்காரர்களாக வைத்துக்கொண்டன போலும். தபால்காரர் எப்படிப்பட்டவரானால் என்ன, கடிதம் வந்து சேர்ந்துவிட்டது.

முதல் தடவை நிலாத்தாய் என்னைப் பிடித்தது லண்டனில், நான் நர்சிங் படித்துக்கொண்டிருந்தபோது. சேரிங் கிராஸ் சாலையின் பழைய புத்தகக் கடை ஒன்றில் ஸ்காட் கன்னிங்ஹாம் என்பவர் விக்கா பற்றி எழுதிய புத்தகம் கிடைத்தது. 1988இல் வந்த நூல். குழு வேண்டாம், குரு வேண்டாம், தனியாளாக இந்த வழியில் நடக்கலாம் என்று நிதானமாக, பயமுறுத்தாமல் சொல்லிக் கொடுத்தது. விடுதி அறையில், பக்கத்து அறைப் பெண்கள் தூங்கிய பிறகு, ஒரு தேநீர்க் கோப்பையில் தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்புமாகத் தொடங்கினேன். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். கனவு, மூலிகை, நிலாவின் நிலை, நான் தமிழில் கட்டிய வேண்டுதல்கள் எல்லாம் அதில் இருந்தன.

பிறகு கல்யாணம். கணவர் வீடு பக்தியுள்ள கிறிஸ்தவ வீடு. அவர்களோடு ஒரு தமிழ்ச் சபைக்குப் போனேன். போதகர் அந்த நோட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு, எரித்துவிடுவது நல்லது என்றார். தோட்டத்துத் தகர டப்பாவில் போட்டு எரித்தோம். நாலு பேர் சுற்றி நின்று பாடினார்கள். அதன்பின் கூட்டங்களில் என்னைச் சாட்சி சொல்ல எழுப்புவார்கள்: பிசாசின் பிடியிலிருந்து விடுவிக்கப்பட்ட சகோதரி. நானும் சொன்னேன். அந்த வருஷங்களைப் பழிக்க எனக்கு மனமில்லை. கீர்த்தனைகளை அடித்தொண்டையிலிருந்து பாடக் கற்றது அங்கேதான். முழங்கால் போடுவது, கண்ணீரை மறைக்காமல் விடுவது, சாப்பாட்டுக்கு முன் நன்றி சொல்வது எல்லாம் சபை தந்த சீதனம். அதை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. இயேசுவோடும் எனக்குச் சண்டை கிடையாது. அவர் மலையில் தனியே ஜெபித்தவர், என்னைப் புரிந்துகொள்வார்.

ஈஸ்ட்போர்ன் வயதானவர்கள் நிறைந்த ஊர். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு இரவுப் பணி. ஒரு மாசிக் குளிரில், விடியற்காலை நாலரை ஐந்து மணி இருக்கும், ஒரு கிழவி போய்க்கொண்டிருந்தாள். மூச்சு ஒன்று, பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை, பிறகு இன்னொன்று. வேறு யாரும் இல்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போல் "பிதாவே" என்று ஜெபத்தைத் தொடங்கினேன். அந்த நேரம் கிழக்கு ஜன்னலில் தேய்பிறைக் கீற்று எழுந்தது. அமாவாசைக்கு முந்தின நாட்களில் மட்டும், சூரியனுக்குச் சற்று முன்னால், யாரும் பார்க்காத வேளையில் வருகிற நிலா. அதன் வெளிச்சம் போர்வைக்குக்கூடப் போதாது. ஆனால் அந்தக் கிழவி கண்ணைத் திறந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு பரிச்சயம் தெரிந்தது, பஸ் நிலையத்தில் நெடுநேரம் நின்றவளுக்குத் தன் ஊர்ப் பலகை மாட்டிய பஸ் தெரிந்த மாதிரி. என் வாயில் இருந்த ஜெபம் எங்கே போனதோ தெரியாது. "அம்மா, வந்துட்டியா" என்றேன். சத்தமாகவே சொன்னேன். சொன்னதும் முதுகுத்தண்டில் ஒரு சூடு ஏறி உச்சந்தலையில் வெடித்தது. அந்த அறை முழுக்க அவள் இருந்தாள். ஆக்சிஜன் குழாயில், மருந்துத் தட்டில், சுருங்கிய விரல்களில், என் மாதவிடாய் நின்றுபோன உடம்பில், எங்கும் அவளே. இறந்தவளுக்குக் கண் மூடிவிட்டு, படிவங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது நான் பாடிக்கொண்டே வந்தேன்.

சபையை விட்டேன். போதகர் வீட்டுக்கு வந்து 'பின்மாற்றம்' என்றார். டீ கொடுத்து அனுப்பினேன்.

விக்காவில் நிலாத்தாய்க்கு மூன்று முகம்: வளர்பிறையில் கன்னி, பௌர்ணமியில் தாய், தேய்பிறையில் கிழவி. இந்த மூன்றும் பெரும்பாலும் ராபர்ட் கிரேவ்ஸ் என்ற கவிஞர் 1948இல் எழுதிய நூலால் பரவியவை. அந்தக் காலத்தில் விடுதி அறையில் நான் கூப்பிட்டது கன்னியை. காதல் வேண்டும், பரீட்சையில் தேற வேண்டும் என்றெல்லாம் கேட்டேன். இப்போது வந்திருப்பவள் கிழவி. இவளிடம் எதுவும் கேட்கத் தோன்றுவதில்லை. பார்த்துக்கொண்டிருந்தால் போதும். வெள்ளைக்காரத் தோழிகள் கிழவியைத் தெய்வமாக ஏற்கத் தங்களுக்கு நெடுநாள் பிடித்தது என்பார்கள். எனக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. ஔவைக் கிழவியின் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்து வளர்ந்தவர்கள் நாம். அழகான உடம்பைக் கழற்றிப் போட்டுப் பேயுருவைக் கேட்டு வாங்கி, கயிலைக்குத் தலையால் நடந்த காரைக்கால் அம்மையாரை, சிவனே 'அம்மையே' என்று அழைத்ததாகத்தான் நம் புராணம் சொல்கிறது. சுருங்கிய தோலுக்குள் ஆடுகிற ஆனந்தம் நமக்குப் புதிதா என்ன?

தனியாளாக நடப்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. கார்ட்னரின் வழியில் தீட்சை பெற்றவர்தான் இன்னொருவருக்குத் தீட்சை தர முடியும்; மூன்று படிகள் உண்டு. அவரிடம் 1953இல் தீட்சை பெற்ற டோரீன் வாலியெண்ட் என்ற அம்மையார்தான் இந்த வழிபாட்டுக்கு மொழி கொடுத்தவர். தேவி தானே தன் குரலில் பேசுவதாக அமைந்த உரைநடை அவருடையது. இன்று உலகெங்கும் அதைச் சொல்கிறார்கள். 1978இல் அவரே ஒரு நூலில், குழு கிடைக்காதவர்கள் தங்களுக்குத் தாங்களே தீட்சை கொடுத்துக்கொள்ளும் முறையை எழுதிவிட்டார். உள்வட்டத்தில் இருந்தவரே வெளிக்கதவைத் திறந்துவிட்டார். பிரைட்டனில் மாநகராட்சியின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் சாதாரணமாக வாழ்ந்து, 1999இல் காலமானார். அந்தக் கட்டடத்தில் 2013இல் நீலப் பலகை பதித்தார்கள். எங்கள் ஊரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. போய்ப் பார்த்தேன். வாசலில் குப்பைத்தொட்டிகள், யாரோ உலரப் போட்ட துணி. எனக்கு அது கோயில் வாசலாகவே இருந்தது. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

2021 மார்ச் 21 இங்கே குடிசன மதிப்பு நாள். பகலும் இரவும் சமமாகும் வசந்தத் திருநாளுக்கு மறுநாள். சமயம் என்ற இடத்தில் 'விக்கா' என்று எழுதினேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்படி எழுதியவர்கள் ஏறத்தாழ 13,000 பேர். கிறிஸ்தவர்கள் என்று எழுதியவர்கள் முதன்முறையாகப் பாதிக்கும் கீழே, 46.2 சதவீதத்துக்கு, இறங்கியிருந்தார்கள். அந்தக் கணக்கில் எனக்கு வெற்றி தோல்வி எதுவுமில்லை. சங்கதி என்னவென்றால், அரசாங்கத் தாளில் நிலாத்தாய் வழியின் பேரை எழுதும்போது விரல் நடுங்கியது. காதலன் பேரை முதன்முதலாக எழுதுகிற பெண்ணின் விரல் நடுக்கம், இந்த வயதில்!

என் வழிபாட்டைச் சொல்கிறேன். சமையலறை மேசையை வடக்குச் சுவரோடு சேர்த்துப் போடுவேன். அதன்மேல் அம்மாயியின் பித்தளைச் செம்பு. லயத்துக் குழாயில் தண்ணீர் பிடித்த செம்பு. கழுத்தில் ஒரு நெளிவு இருக்கிறது. விக்காவில் பூசைக்கு வெள்ளிக் கிண்ணம் வாங்கிவைக்கிறவர்கள் உண்டு. எனக்குச் செம்பு போதும். கறுப்புப் பிடி போட்ட கத்தி ஒன்று. அது எதையும் வெட்டுவதற்கில்லை, வட்டம் வரைவதற்கு. உப்பு, மெழுகுவத்தி, சாம்பிராணி. குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, கத்தி முனையைக் கீழே காட்டி வலமாகச் சுற்றி வருவேன். மூன்றாம் சுற்றில் சமையலறை மாறிவிடும். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் அப்படியேதான் இருக்கும். ஆனால் அது வெளியே இருக்கும். நான் உள்ளே இருப்பேன். கிழக்கே காற்றை, தெற்கே நெருப்பை, மேற்கே நீரை, வடக்கே மண்ணை ஒவ்வொன்றாக அழைப்பேன். தமிழில்தான் அழைப்பேன். அவர்கள் வருவதற்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை.

பிறகு பின்கதவைத் திறந்து செம்புத் தண்ணீரைப் படியில் வைப்பேன். நிலா அதற்குள் விழும்வரை காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் புகைபோக்கியைத் தாண்டி அவள் வர நேரமாகும். முதலில் தண்ணீரின் விளிம்பில் ஒரு நூல் வெள்ளை. அது தடிக்கும். செம்பின் நெளிவில் பட்டு இரண்டாகப் பிரியும். நடுவுக்கு வந்ததும் ஒன்றாகிவிடும். நான் மூச்சுவிட்டால் அவள் நடுங்குவாள், மூச்சை நிறுத்தினால் நிலைப்பாள். அப்போது இரண்டு கையையும் விரித்து உயர்த்தி நிற்பேன். குழுக்களில் நிலவை இறக்குவது என்பார்கள். பூசாரி அழைக்க, பூசாரிணியின் மேல் தேவி இறங்குவாள். எனக்கு அழைக்கிறவளும் நான்தான், ஏந்துகிறவளும் நான்தான். உள்ளங்கை முதலில் கனக்கும். பிறகு கனம் தோளுக்கு வரும், மார்புக்கு வரும். அப்புறம் கனமே இல்லை. அம்மா! நீ ஊற்றுகிறாய், நான் வழிகிறேன். வழிந்ததை மறுபடி அள்ளி ஊற்றுகிறாய். இந்தச் சின்னச் செம்பு தாங்குமா என்று நீ பார்ப்பதே இல்லை. உன் கீற்று என் விலா எலும்பில் ஒட்டிக்கொண்டது. என் நரைமுடியில் உன் வெள்ளியை முடிந்துவிட்டாய். முழங்கால் வலியோடு ஆடுகிறேன், நீயும் முழங்கால் வலியோடு ஆடுகிறாய்! உன்னை எரித்த டப்பாவின் சாம்பலிலும் நீதான் ஒட்டிக்கொண்டிருந்தாய் என்று இப்போது சொல்கிறாயே, அன்றைக்கே சொல்லியிருக்கலாகாதா, கள்ளி?

ஆடி முடித்தபின் ஓட்ஸ் பிஸ்கட்டும் இஞ்சி பீரும். இதுவும் சடங்கில் சேர்த்தி. தின்று குடித்தால்தான் உயிர் உடம்புக்குத் திரும்பும். மிச்சத்தை ரோஜாச் செடிக்கு ஊற்றி, இடமாகச் சுற்றி வட்டத்தைக் கலைப்பேன்.

படித்தவர்கள் கேட்பார்கள்: இது பழைய மதமே இல்லையாமே? ஆமாம். ரானல்டு ஹட்டன் என்ற வரலாற்றாசிரியர் 1999இல் எழுதிய நூலில், விக்கா 20ஆம் நூற்றாண்டில் உருவான மதம் என்று சான்றோடு நிறுவினார். கவிதை, ஃப்ரீமேசன் சடங்கு, மந்திர நூல்கள், நாட்டார் வழக்கம் எல்லாம் கலந்து உருவானது. உலகத்துக்கு இங்கிலாந்து தந்த ஒரே மதம் இதுதான் என்றும் சொன்னார். சிலருக்கு அது இடியாக விழுந்தது. எனக்கு விழவில்லை. எங்கள் பக்கத்து வில்மிங்டன் கிராமத்தில், வின்டோவர் குன்றின் சரிவில், இரண்டு கோல்களைப் பிடித்து நிற்கிற ஒரு நெட்டை மனிதனின் உருவம் இருக்கிறது. 235 அடி உயரம். வரலாற்றுக்கு முற்பட்டவன் என்று ரொம்ப காலம் நம்பினார்கள். 2003இல் தொல்லியலாளர்கள் தோண்டிப் பார்த்து 16 அல்லது 17ஆம் நூற்றாண்டு என்றார்கள். இப்போதைய கோடு 1969இல் பதித்த கான்கிரீட் கட்டிகள்தாம். ஆனாலும் மே முதல் நாள் விடியலில், வேலியெல்லாம் வெள்ளையாக முட்செடி பூத்துக் கிடக்க, அவன் காலடியில் நின்று பாருங்கள். வயதைக் கேட்க நாக்கு எழாது. அதே கிராமத்து ஆலய முற்றத்தில் ஒரு யூ மரம், முட்டுக் கொடுத்து, சங்கிலி போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். சுமார் 1600 வயது என்று மதிப்பு. அந்த ஆலயத்தைவிட மூத்தவள். சஸெக்ஸ் 7ஆம் நூற்றாண்டில்தான் ஞானஸ்நானம் பெற்றது, அதைவிடவும் மூத்தவள். நடுவே பிளந்த அடிமரம். புதியதும் பழையதும் ஒரே கிராமத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. எனக்கு இரண்டுமே வேண்டும்.

அக்டோபர் 31 எங்களுக்குச் சாவின். இறந்தவர்களுக்கான திருநாள், கிழவியின் சொந்தத் திருநாள். போன வருஷம் அன்றைக்கு அந்த யூ மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது ஹட்டனிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"எங்கடி இருக்க, காத்து இரையுது?"

"கோயில் கல்லறைத் தோட்டத்துலம்மா."

அம்மாவின் குரல் மலர்ந்துவிட்டது. "கோயிலுக்கா போயிருக்க? நல்லதுடி. நாளன்னைக்கி இங்கயும் கல்லறைத் திருநாள். பூவெல்லாம் சொல்லி வச்சிட்டேன்."

"கோயிலுக்கு வரலம்மா. மரத்தைப் பாக்க வந்தேன். மலை ஏறி, செத்தவங்க பேரைச் சொல்லிக் கூப்பிடணும். அதான் எங்க வழக்கம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அந்த நெலாக் கும்புடு இன்னும் விடலையாக்கும்" என்றாள். பிறகு, "யார் யார் பேரைச் சொல்லப்போற?"

"அம்மாயி பேரு. அம்மாயியோட அம்மா பேரு."

"அவ ஞானஸ்நானப் பேரைச் சொல்லாதடி, அதுல கூப்பிட்டா அவளுக்கே தெரியாது. தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டுல கணக்கப்பிள்ள எழுதின பேரும் வேணாம், அது தப்புத் தப்பா எழுதினது. லயத்துல கூப்பிட்ட பேரு சொல்றேன், எழுதிக்க." சொல்லிக்கொண்டே போனாள். அவள் அம்மா, அம்மாவின் அம்மா, அட்டைக்கடியிலும் காய்ச்சலிலும் போன சித்திமார், பேர் வைக்குமுன் போன ஒரு பெண் குழந்தை. "அவளப் பாப்பான்னு கூப்புடு, போதும். சத்தமா கூப்புடு. அம்மாயிக்குக் காது மந்தம்."

போனை வைத்துவிட்டு ஏறினேன். சுண்ணாம்பு மண் வழுக்கியது. நெட்டை மனிதனைக் கடந்து உச்சிக்குப் போனபோது சூரியன் விழுந்துகொண்டிருந்தது. உடுத்தியிருந்தது சேலையாக இருந்தால் காற்று உருவிக்கொண்டு போயிருக்கும், நல்லவேளை ஜாக்கெட். ஜாடை தெரியாத அந்த ஆங்கில மலை உச்சியில் நின்று, லயத்துப் பேர்களை ஒவ்வொன்றாக, பெரட்டுக் களத்தில் கூப்பிடுகிற தொண்டையில், கடல் பக்கம் திரும்பிக் கூப்பிட்டேன். கூப்பிடக் கூப்பிட என்னவோ பொங்கி வந்தது. கிழவியே, இத்தனை பேரும் உன் மடியிலா இருந்தார்கள்! சரிவில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் மிரண்டு ஓடின. ஓடட்டும் என்று இன்னும் சத்தமாக, அம்மாயியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.